'போதும்' என்று சொல்லும் 21 எழுத்து! ரோஜா இதழ் முதல் நெற்கதிர் வரை தீர்மானிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.

பூக்கடையில் வாங்கும் ரோஜாவின் இதழ்களை என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? சுலபமாக இருபது, முப்பதைத் தாண்டும். ஆனால், காட்டில் தானாக வளரும் ரோஜா இனங்களில் பெரும்பாலும் ஐந்தே ஐந்து இதழ்கள்தான். நடுவில் கொத்தாக மஞ்சள் நிற மகரந்தத் தாள்கள் நிற்கும்.

அப்படியென்றால் கடை ரோஜாவுக்கு மட்டும் இத்தனை இதழ்கள் எங்கிருந்து வந்தன? மகரந்தத் தாளாக வரவேண்டியவைதான் இதழாக மாறி, அடுக்கடுக்காக விரிந்திருக்கின்றன. 'இதழ் போதும், இனி மகரந்தத் தாளைச் செய்' என்று செடிக்குள் ஒரு உத்தரவு உண்டு. அடுக்கு ரோஜாவில் அந்த உத்தரவு போய்ச் சேர வேண்டிய இடம் அறுந்துவிட்டது.

அந்த உத்தரவைச் சுமந்து செல்வதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. செடிகளில் பெரும்பாலும் 20 முதல் 24 எழுத்து நீளம்தான் இருக்கும். அதிலும் 21 எழுத்து உள்ளவையே அதிகம். 2024-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. அவர்கள் அதைக் கண்டது ஒரு குட்டிப் புழுவில். ஆனால் இலை, பூ, சோறு, சப்பாத்தி என்று நம் வீட்டுக்குள் வரும் பலவற்றிலும் இதன் கைவண்ணம் இருக்கிறது.

கல்யாண சமையலறையில் ஒரு கத்தரிக்கோல்

ஒரு பெரிய கல்யாண சமையலறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரரிடம் எல்லாச் செய்முறைகளும் எழுதிய தடிமனான நோட்டு இருக்கிறது. அதை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். 'சாம்பார்', 'ரசம்' என்று தேவையான பக்கத்தை மட்டும் சீட்டில் நகல் எடுத்து அடுப்படிக்கு அனுப்புவார். சீட்டு வந்தால் சமையல் நடக்கும்.

செல்லுக்குள் அந்த நோட்டுதான் டி.என்.ஏ. அதில் உள்ள ஒவ்வொரு செய்முறையும் ஒரு மரபணு. நகல் சீட்டின் பெயர் தூது ஆர்.என்.ஏ. அடுப்பில் தயாராகும் பண்டம், புரதம்.

சாம்பார் போதுமான அளவு ஆகிவிட்டது, ஆனாலும் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன என்றால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் அடுப்படி வாசலில் நின்று சாம்பார் சீட்டுகளை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிழித்துப் போட வேண்டும். அந்த வேலையைத்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்கிறது.

எது சாம்பார் சீட்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆர்.என்.ஏ.வில் ஏ, யு, ஜி, சி என நான்கே எழுத்துகள். ஏ-வுக்கு ஜோடி யு, ஜி-க்கு ஜோடி சி. மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசைக்குச் சரியான ஜோடி வரிசை எந்தச் சீட்டில் இருக்கிறதோ, அதில் போய் ஜிப் மாட்டுவதுபோல ஒட்டிக்கொள்ளும். கூடவே ஆர்கோநாட் என்ற புரதமும் வரும். அதுதான் கத்தரிக்கோல். பெரும்பாலும் சீட்டு இரண்டாக நறுக்கப்பட்டுவிடும். சில சமயம் நறுக்காமலேயே, சமைக்க விடாமல் தடுத்துவிடும்.

விலங்குகளில் ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலையைத் தொடங்கிவிடும். செடிகளோ கறார். கிட்டத்தட்ட எல்லா எழுத்துகளும் பொருந்த வேண்டும். இந்தக் கறார் குணம், நடுவில் ஒரு எழுத்து மாறினாலும் உத்தரவு பலவீனமாகிவிட வழிவைக்கிறது. ரோஜா, கோதுமை, நெல் என்று இனி வரப்போகும் கதைகளுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

ஊதாப் பூ வெள்ளையான கதை

செடிகளுக்குள் இப்படி ஒரு 'வாயை மூடு' ஏற்பாடு இருக்கிறது என்பது 1990-லேயே ஒரு தொட்டிச் செடியில் தெரிந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்ஜென்சன், கரோலின் நபோலி ஆகியோர் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்தார்கள். நிறத்துக்குக் காரணமான மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்துச் செலுத்தினார்கள். பூத்தபோது பார்த்தால், சில பூக்கள் வெள்ளை வெளேர். சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருந்தன. புதிதாகச் சேர்த்த மரபணு, ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து ஊமையாக்கிவிட்டது.

1999-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், இப்படி மரபணுக்கள் ஊமையாகும் செடிகளில் குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதைக் காட்டினார்கள். இவை மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குப் பங்காளி முறை. வெளியிலிருந்து வரும் வைரஸ் போன்ற எதிரிகளை அடக்குவது இவற்றின் முக்கிய வேலை.

ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 1993-லேயே புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டிருந்தார்கள். ஆனால், 'அது ஏதோ அந்தப் புழுவுக்கு மட்டும் உள்ள விநோதம்' என்றே பலரும் நினைத்தார்கள். 2000-ல் மனிதர் உட்படப் பல விலங்குகளில் இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரே மாதிரி இருப்பது தெரிந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2002-ல் செடிகளுக்கான கதவு திறந்தது.

அந்த ஆண்டு, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 16 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஓர் ஆய்வுக்குழு பட்டியலிட்டது. அவற்றில் 8, நெல்லிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தன.

சுவரோரப் பாசியிலும் அதே எழுத்து

கடுகுக் குடும்பமும் நெல்லும் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பாகம் பிரிந்து போன சொந்தங்கள். அதன்பிறகு இலை, தண்டு, பூ எல்லாமே வேறு வேறாகிவிட்டன. இந்தச் சில துண்டுகள் மட்டும் மாறவில்லை. பூவே இல்லாத, மழைக்காலத்தில் ஈரச் சுவரில் மெத்தைபோலப் படரும் மாஸ் என்ற பாசி வகையிலும் இவற்றில் சில இருக்கின்றன. பாசிக்கும் பூக்கும் செடிக்கும் பொதுவான முன்னோர் வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு.

இது தற்செயலாக இருக்க முடியுமா? நான்கு எழுத்துகளை வைத்து 21 எழுத்து நீளத்தில் 4 லட்சம் கோடிக்கும் மேலான வரிசைகளை எழுதலாம். பாசியும் நெல்லும் தனித்தனியாக யோசித்து ஒரே வரிசையில் வந்து நிற்க வாய்ப்பே இல்லை. வழிவழியாக வந்த சொத்து இது.

சரி, ஏன் மாறவில்லை? உங்கள் தெரு மளிகைக் கடைக்காரரின் போன் நம்பர் இருபது வருடமாக எல்லார் வீட்டு டைரியிலும் இருக்கிறது. அவர் நினைத்தாலும் அதைச் சுலபமாக மாற்ற முடியாது. மாற்றினால் ஒரே நாளில் எல்லா ஆர்டரும் போய்விடும். மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான். ஒரே துண்டு, ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பல மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. துண்டில் ஓர் எழுத்து மாறினால், அத்தனை மரபணுக்களிலும் ஒரே நேரத்தில் ஜோடி எழுத்து மாற வேண்டும். அது நடக்காது. அதனால் மாறிய செடி தடுமாறிப்போகிறது, மாறாதது பிழைக்கிறது.

எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் இப்படிப் பழம்பெருமை கொண்டவை அல்ல. ஒரே ஒரு இனத்தில் மட்டும் இருக்கும் புதியவையும் ஏராளம். அவற்றில் பல வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். நிலைத்து நின்றவை, செடிக்கு உயிர்நாடியான வேலைகளைப் பார்ப்பவை.

ஒரு வெற்றிலையைக் கையில் எடுங்கள். மேல்பக்கம் அடர் பச்சை, பளபளப்பு. கீழ்ப்பக்கம் வெளிறி, நரம்பு புடைத்திருக்கும். இலைக்கு மேல் எது, கீழ் எது என்று பிரித்துக் கொடுப்பதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 166 என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. 'மேல்பக்கம்' என்று சொல்லும் மரபணுக்களை இலையின் கீழ்ப்பக்கத்தில் அது அடக்கி வைக்கிறது. அந்த மரபணுக்களில் உத்தரவு ஒட்டும் இடம் கெட்டுப்போன அராபிடாப்சிஸ் செடிகளில், இலை தட்டையாக விரியாமல் குச்சிபோல உருண்டு வளர்ந்தது. இந்த உத்தரவும் அது ஒட்டும் இடமும் 40 கோடி ஆண்டுகளாகக் காப்பாற்றப்பட்டு வருபவை.

இன்னொன்று, மைக்ரோ ஆர்.என்.ஏ. 399. மண்ணில் பாஸ்பரஸ் சத்து குறைந்தால் இதன் அளவு எகிறும். இலைப் பகுதியில் உருவாகி, சாறு ஓடும் குழாய் வழியாக வேருக்கு இறங்கிப்போய், 'பாஸ்பரஸை இன்னும் உறிஞ்சு' என்று தகவல் சொல்லும். செடிக்குள் ஒரு தபால் சேவை!

செடிக்கு வயசு எப்படித் தெரியும்?

நட்ட மறுநாளே எந்தச் செடியும் பூப்பதில்லை. பூக்க ஒரு பருவம் வர வேண்டும். அந்தப் பருவத்தைக் கணக்குப் பார்ப்பது முக்கியமாக இரண்டு பேர். மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 மற்றும் 172.

நாற்றுப் பருவத்தில் 156 நிறைய இருக்கும். பெரியவளாகும் வேலையைச் செய்யும் எஸ்.பி.எல். என்ற மரபணுக் குடும்பத்தை அது அடக்கி வைத்திருக்கும். செடி வளர வளர 156 குறையும். குறையக் குறைய எஸ்.பி.எல். தலைதூக்கும். அது 172-ஐ உசுப்பிவிடும். 172 வந்து, பூப்பதைத் தடுத்துக்கொண்டிருக்கும் மரபணுக்களின் வாயை அடைக்கும். பூ வரும்.

156-ஐக் குறைக்கச் சொல்வது யார்? சர்க்கரைதான் ஒரு முக்கியக் காரணம் என்று 2013-ல் தெரியவந்தது. இலைகள் சூரிய ஒளியில் சமைக்கும் சர்க்கரை கூடினால் 156 குறைகிறது. வீட்டில் நாலு காசு சேர்ந்த பிறகுதான் கல்யாணப் பேச்சை எடுப்பதுபோல, செடியும் கையிருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பூக்கத் துணிகிறது.

இந்த வயது மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஊட்டிக்குப் போகலாம். அங்குள்ள நீலகிரித் தைலம் எடுக்கும் யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் இளங்கன்றில் இலைகள் வட்டமாக, வெளிர் நீலச் சாம்பல் பூசியதுபோல, ஜோடி ஜோடியாக இருக்கும். வளர்ந்த மரத்தில் அதே இலை நீண்டு, அரிவாள்போல வளைந்து தொங்கும். இரண்டும் ஒரே மரமா என்று சந்தேகமே வரும். இந்த மரத்திலும் இளம் இலையில் 156 அதிகம், முதிர்ந்த இலையில் குறைவு என்று 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒட்டு மாங்கன்று ஏன் சீக்கிரம் காய்க்கிறது என்ற கேள்விக்கும் இங்கே வெளிச்சம் கிடைக்கிறது. கொட்டை போட்டு முளைத்த மா காய்க்கப் பல வருடம் ஆகும். ஒட்டுக்கன்றில் மேலே வைத்துக் கட்டும் குச்சி, ஏற்கெனவே காய்க்கும் தாய் மரத்திலிருந்து வருகிறது. அளவில் சின்னதாக இருந்தாலும் அந்தக் குச்சி வயதுக்கு வந்தது. மா, அவகாடோ போன்ற மரங்களிலும் கன்றில் 156 அதிகமாகவும் முதிர்ந்த மரத்தில் குறைவாகவும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

156 குறையவே இல்லையென்றால்? மக்காச்சோளத்தில் அப்படி ஒரு வகை உண்டு. கார்ன்கிராஸ் என்று பெயர். 156 எப்போதும் அளவுக்கு அதிகமாக இருப்பதால், அது ஓங்கி வளர்ந்து பெரிய கதிர் தருவதற்குப் பதிலாக, புல் புதர்போலக் கிளைத்துக்கொண்டே போகும். செடிகளின் மார்க்கண்டேயன். என்றும் பதினாறு. ஆனால், விவசாயிக்குப் பிரயோஜனமில்லை.

சப்பாத்திக்குப் பின்னால் ஓர் எழுத்து

172-க்குப் பூவுக்குள்ளேயும் வேலை உண்டு. ஆரம்பத்தில் சொன்ன 'இதழ் போதும்' உத்தரவு இதனுடையதுதான். இதழ் உருவாக உதவும் ஏ.பி.2 வகை மரபணுக்களைப் பூவின் நடுப்பகுதியில் இது அடக்கி வைக்கும். அதனால் நடுவில் மகரந்தத் தாள்கள் வரும். அடுக்கு ரோஜாக்களில், இந்த வகை மரபணு ஒன்றில் வேறொரு டி.என்.ஏ. துண்டு குறுக்கே புகுந்து, 172 ஒட்ட வேண்டிய இடத்தையே காணாமல் ஆக்கிவிட்டது என்று 2018-ல் தெரியவந்தது. உத்தரவு வருகிறது. ஒட்ட இடமில்லை. இதழ்கள் பெருகுகின்றன. பீச் மரத்தின் அடுக்குப் பூக்களுக்கும் இதேபோன்ற காரணம்தான்.

கோதுமைக் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆதிக் கோதுமை இனங்களில் உமி மணியோடு இறுகப் பிடித்திருக்கும். நம் ஊரில் சம்பா கோதுமை எனப்படும் எம்மர் இனமும் அப்படித்தான். களத்தில் அடித்தால் மட்டும் மணி வெளியே வராது, தனியாக இடித்து உமியை நீக்க வேண்டும். சப்பாத்திக்கு நாம் அரைக்கும் சாதாரணக் கோதுமை அப்படியில்லை. அடித்தாலே மணி உதிரும். இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் 'கியூ' என்ற மரபணு. அதில் 172 ஒட்டும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. கத்தரிக்கோலின் பிடி தளர்ந்து கியூ அதிகமாக வேலை செய்ய, கதிரின் அமைப்பே மாறியது.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, யாரோ ஒரு விவசாயக் குடும்பம் சுலபமாக உதிர்ந்த கதிரை விதைக்கென எடுத்து வைத்தது. அடுத்த வருடமும் அப்படியே. மரபணு என்ற சொல்லே தெரியாமல், 172-ன் பிடியிலிருந்து நழுவிய கோதுமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத்தான் உலகம் முழுக்க இன்று சாப்பிடுகிறோம்.

தூர் குறைந்தது, கதிர் பெருத்தது

நெல் விவசாயிகளுக்குத் தெரிந்த தலைவலி இது. பயிர் நன்றாகத் தூர் கட்டும். பார்க்க வயல் அடர்த்தியாக இருக்கும். ஆனால், எல்லாத் தூரிலும் கதிர் வராது. கதிர் வராத தூரும் உரத்தையும் தண்ணீரையும் பங்கு கேட்கும்.

2010-ல் சீனாவில் ஜியாயாங் லி குழுவும், ஜப்பானில் மோட்டோயுகி ஆஷிகாரி குழுவும் தனித்தனியாகத் தேடி, ஒரே மரபணுவில் வந்து நின்றார்கள். அது எஸ்.பி.எல். குடும்பத்தின் 14-ம் எண் உறுப்பினர். அதில் 156 ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறிய நெல்லில், தூர் குறைவாக இருந்தது. ஆனால் தண்டு தடிமன். கதிரில் கிளைகள் அதிகம், மணிகளும் அதிகம். வீணாகப் போகும் தூர் குறைந்து, இருக்கும் தூர்கள் நிறைந்து காய்த்தன. 'உத்தமமான பயிர் வடிவம்' என்ற பொருளில் சீனக் குழு இதற்கு ஐ.பி.ஏ.1 என்று பெயர் வைத்தது. இந்த மாற்றம் ஆய்வகத்தில் புகுத்தியதல்ல, நெல்லில் இயற்கையாகவே இருந்தது. சாதாரண ஒட்டு ரகம் உருவாக்கும் முறையிலேயே மற்ற ரகங்களுக்கு மாற்ற முடிந்தது.

2018-ல் அதே மரபணுவின் இன்னொரு முகமும் தெரிந்தது. குலை நோய்ப் பூஞ்சை தாக்கியதும், ஐ.பி.ஏ.1 புரதம் தன் வேலையை மாற்றிக்கொண்டு நோய் எதிர்ப்பு மரபணுக்களைத் தூண்டுகிறது. இரண்டு நாளில் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறது. 'மகசூல் கூடினால் நோய் எதிர்ப்பு குறையும்' என்பது பயிர் ஆராய்ச்சியில் பழைய கவலை. இங்கே இரண்டும் ஒரே மரபணுவின் கையில்.

இதற்காக 156-ன் பிடியை முழுக்க அவிழ்த்துவிட முடியாது. புரதம் அளவுக்கு மீறினால் தூர் மிகவும் குறைந்து, மொத்த மகசூலே அடிபடும். எவ்வளவு தளர்த்தினால் போதும் என்ற அந்தச் சரியான அளவைத் தேடுவதுதான் இன்றைய ஆய்வு. உப்பு போடுவதுபோல, கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் சாப்பாடு கெடும்.

உங்கள் மனதில் எழும் கேள்விகள்

கீரை, சோறு வழியாக இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் உடம்புக்குள் போய் ஏதாவது செய்யுமா?

2012-ல் சீன ஆய்வுக்குழு ஒன்று, அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்று மனித ரத்தத்தில் இருப்பதாகவும், எலிகளின் கல்லீரலில் வேலை செய்வதாகவும் சொல்லிப் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆனால், பின்னர் வேறு குழுக்கள் செய்து பார்த்த சோதனைகளில் அது உறுதியாகவில்லை. மனிதன் செடியைச் சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து இந்தத் துண்டுகளையும் சேர்த்தேதான் சாப்பிட்டு வருகிறான். கீரையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அதேபோல், 'தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ. அடங்கியது' என்று யாராவது சத்து மாத்திரை விற்றால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இந்தியாவில் வந்திருக்கும் மரபணுத் திருத்த நெல் இதுதானா?

இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 'கமலா', 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' ஆகிய இரண்டும் வேறு மரபணுக்களில் செய்த திருத்தங்கள். கமலா ரகத்தில் கதிரின் மணி எண்ணிக்கையோடு தொடர்புள்ள மரபணு திருத்தப்பட்டிருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டும் இடத்தைத் தொடவில்லை.

செடி வயதுக்கு வருவதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரு தொட்டியில் கொத்தமல்லி விதையுங்கள். முதலில் வரும் இலைகள் அகலமாக, சமையலுக்கு ஏற்றதாக இருக்கும். கிள்ளாமல் அப்படியே விடுங்கள். சில வாரங்களில் தண்டு உயர்ந்து, மேலே வரும் புது இலைகள் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். அடுத்து வெள்ளைப் பூ வரும். இலையின் வடிவம் மாறினால், செடி பூக்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். சட்னிக்கு வேண்டுமென்றால் அதற்குள் கிள்ளிவிடுங்கள்!